இழுக்கிறது, அவ்வளவுதான்

டாலியன். மார்ச், எழுபத்துமூன்று.
துறைமுகத்து மூடுபனி
மாடிச் சன்னல்வரை ஏறி நின்ற காலை.
அறுவை அறையின் கண்ணாடிக் கூரைக்கு மேலே
கடல் கடந்து வந்த ஒன்பது மருத்துவர்கள்,
இரவல் வெள்ளைக் கோட்டில்,
ஆளுக்கொரு குறிப்பேட்டுடன்.

கீழே மேசையில்
டிராம் நடத்துநர் தௌ குய்ஷென்.
இரைப்பையில் புண், நான்கு வருடமாக.
கழுத்துக்கு இந்தப் பக்கம் விழித்திருக்கிறாள்.
அந்தப் பக்கம் ஒரு பச்சைத் திரை.

திரைக்கு அப்பால், கால்மாட்டில்,
மியாவ் ருய்ஃபென்.
அவளுக்கு ஒரே வேலை:
முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே
ஏற்றிய ஊசியை உருட்டிக்கொண்டே இருப்பது.
நிமிடத்துக்கு நூற்றிருபது.
முதலில் சோப்புக்கட்டியில் குத்திப் பழகினாள்,
பிறகு தன் காலில்.

எப்படி இருக்கிறது?
புளிக்கிறது, என்றாள் குய்ஷென்.
மொழிபெயர்ப்பாளன் அண்ணாந்து தடுமாறினான்.
அவர்கள் பேச்சில்
கால் கடுத்தாலும் புளிப்பு,
ஊறுகாய்க்கும் அதே புளிப்பு.
புளித்தால் ஊசி பிடித்துவிட்டது.
ஆரம்பிக்கலாம்.

வழக்கமாக ஒரு ஆரஞ்சுச் சுளை ஊட்டுவார்கள்,
பார்க்க வந்தவர்களுக்காக.
இன்று வெளியே வரப்போவதே இரைப்பைதான்.
ஆகவே ஆரஞ்சு இல்லை.

கத்தி இறங்கியது.
அவள் இமைக்கவில்லை.
மேலே பேனாக்கள் ஓடின.

தோல் சொன்னபடி கேட்கும்.
கழுத்துக் கட்டி என்றால் அதுவும் கேட்கும்.
வயிறு அப்படியில்லை.
டாக்டர் சாய் மணிக்கட்டுவரை உள்ளே போய்
இரைப்பையைப் பிடித்து
மெல்லத் தன் பக்கம் கொண்டுவந்தார்.

வலிக்கிறதா?
இல்லை. இழுக்கிறது.

தமிழில் இந்தப் பதில் செல்லாது.
துடுப்பை வலிப்போம், வில்லை வலிப்போம்;
இழுப்பதும் நோவதும்
ஒரே சொல்லில் ஒரே பாயில் படுத்திருக்கின்றன.
அவளுக்கு இரண்டு சொற்கள் இருந்தன.
இரண்டுக்கும் நடுவே
ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கும் அளவு இடம் இருந்தது.
அங்கே போய் நின்றுகொண்டாள்.

நின்றபடியே கூவத் தொடங்கினாள்,
டிராமில் கூவும் அதே குரலில்:
உப்பளம்.
கண்ணாடி ஆலை.
பழைய சுங்கச்சாவடி, இறங்குபவர்கள் முன்னால் வாருங்கள்.
உற்சாகத்தில் பாடுகிறார், என்றான் மொழிபெயர்ப்பாளன்.

ருய்ஃபெனுக்கு மட்டும் பாதம் தெரிந்தது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
ஐந்து விரல்களும் உள்ளே மடங்கின.
உள்ளங்கால் ஒரு கிண்ணம்போலக் குழிந்தது.
அவள் வேகத்தைக் கூட்டினாள்.
நூற்றைம்பது. நூற்றெண்பது.
எண்ணுவதை விட்டாள்.

மீன்சந்தை.
பூட்டுக்காரத் தெரு.
ஈயப்பட்டறை.
ஏழாவது வரவில்லை.

தலைமாட்டில் இருந்தவர்
சொட்டுக்குழாயின் கழுத்தில்
ஒரு சிறு குப்பியைக் காலி செய்து
அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
தண்ணீர் குடித்து டம்ளரை வைப்பதுபோல.
பாத விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.
ருய்ஃபென் அப்போதும் உருட்டிக்கொண்டிருந்தாள்.
நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

இரண்டு மணி பத்து நிமிடம்.
கண்ணாடிக்கு மேல் ஒன்பது ஜோடிக் கைகள்
சத்தம் கேட்காமல் தட்டின.
முறை என்ற கட்டத்தில் 'ஊசி' என்று எழுதினார்கள்.
பொய்யும் இல்லை, ஊசிதான்.

அன்றிரவு உணவுக்கூடத்தில்
ருய்ஃபெனின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
குச்சிகளைப் பிடிக்கவில்லை.
கரண்டி வாங்கிக்கொண்டாள்.

ஜூனில் ஒரு நாள் டிராம் ஏறினாள்.
குய்ஷென் சற்று இளைத்திருந்தாள்,
பையை இடுப்புக்கு மேலே கட்டியிருந்தாள்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.
முகமூடி இல்லாத முகத்தை
அவள் ஒருமுறையும் பார்த்ததில்லை.
ருய்ஃபெனுக்கும்
அந்தப் பாதம்தான் தெரியும்.
அது இப்போது கறுப்புத் துணிச் செருப்புக்குள் இருந்தது.

உப்பளம். கண்ணாடி ஆலை.
ருய்ஃபென் இறங்கவேண்டிய இடம் மீன்சந்தை.
இறங்கவில்லை.
பூட்டுக்காரத் தெரு. ஈயப்பட்டறை.
கம்பியை இறுகப் பிடித்துக் காத்திருந்தாள்.

மணல்மேடு, என்றாள் குய்ஷென்,
மற்றதைச் சொன்ன மாதிரியே,
கொட்டாவிக்கு நடுவில்.
கதவு திறந்தது.
வெங்காயக் கூடையோடு இரண்டு பேர் ஏறினார்கள்.